மூன்று பொய்முத்துகள்

இலந்தைத்துறையில் முத்து மெய்யாகத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை, விக்டோரியம்மாவின் கழுத்தில், அவள் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த நேரத்தில். அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. ஐஸ் லாரி தாமதமாக வந்தது, கோயில் மணி நேரத்துக்கு அடித்தது, அவ்வளவுதான். மாலையின் கொக்கி விட்டுப்போய் மடியில் விழ, அவள் கையைக் கழுவித் துடைத்து, மாலையை முந்தானையில் முடிந்துகொண்டு, வழக்கம்போல எமல்டாவின் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் நல்முத்து அணிவதில்லை. பாட்டன்மார் மூச்சை அடக்கிக் கடலடியில் முத்துக் குளித்த காலத்திலேயே விழுந்த வழக்கம் அது. கடல் கொடுத்த முத்தை விற்கலாம், மாதாவுக்குக் காணிக்கையாகப் போடலாம், ஆனால் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் கட்டக் கூடாது, கட்டினால் கடல் தன் பொருளைத் தேடி வரும், வந்து பொருளை விட்டுவிட்டு ஆளை எடுத்துக்கொண்டு போகும் என்பார்கள். அதனால் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தாலியோடு சேர்த்துப் போடுவது பொய்முத்து மாலை. தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர்கள் நீல வெல்வெட் பெட்டியில் வாங்கிவந்தவை, கண்ணாடி மணியின்மேல் மீன்செதிலில் இருந்து எடுத்த பாலைப் பல தடவை பூசிப் பூசிக் காயவைத்தவை, மாமியார் கழுத்திலிருந்து மருமகள் கழுத்துக்கு இறங்கி வந்தவை. ஒவ்வொன்றிலும் அறுபத்தோரு மணி.

அந்த மாலைகளை எல்லாம் பழுது பார்க்கிறவள் எமல்டா. ஐம்பத்தாறு வயது, புருஷன் மஞ்சள்காமாலையில் போய் இருபது வருஷம், ஒரே மகள் பிரிசில்லாவை அதே தெருவில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஊர் அவளைப் பாசிக்காரி என்றுதான் சொல்லும். அவள் கையில் ஒரு மாலை வந்தால் முதலில் கன்னத்தில் வைப்பாள், கண்ணாடி மணி குளிரும், பிளாஸ்டிக் மணி குளிராது. பிறகு உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்ப்பாள். பிறகு துளையின் வாயை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், அங்கே பூச்சு பொருக்காக எழும்பி, அடியில் கண்ணாடி மினுங்கினால் அது பழைய மாலை, மதிப்புள்ளது, தங்கச் சங்கிலி கொடுத்தாலும் மாற்றக் கூடாதது. கொண்டுவந்தவளிடம், பவுடரும் சென்ட்டும் போட்ட பிறகு கடைசியாகப் போடு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்று, வேர்வையைப் பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடு, தண்ணீரில் முக்காதே, பாலித்தீன் பையில் போட்டு மூச்சு முட்டவைக்காதே, ஆணியில் தொங்கவிட்டு நூலை இளக்காதே என்று ஜெபமாலை சொல்வதுபோல ஒரே ராகத்தில் சொல்லி அனுப்புவாள். பெண்கள் சில சமயம் உதிர்ந்த மணிக்குப் பதிலாகத் தேர்த்திருவிழாக் கடைப் பிளாஸ்டிக்கைச் சேர்த்துவிடுவார்கள் என்பதால், கோர்க்கும் முன் ஒவ்வொரு மணியையும் முன்பல்லின் நுனியில் வைத்து லேசாக இழுத்தும் பார்ப்பாள். பொய்முத்து பல்லில் வழுக்கும். நல்முத்து பொடிமணல் மாதிரி நறநறக்கும்.

விக்டோரியம்மாவின் மாலை நறநறத்தது.

"எக்கா, இது உங்க மாமியா போட்ட மாலைதானே?"

"பின்னே யார் மாலை? ஏன், பூச்சு உரிஞ்சிட்டா?"

"உரியல. முத்தாயிருக்கு."

"முத்துதானேளா."

"இல்லக்கா. நெசமாவே முத்தாயிருக்கு. கொக்கிப் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் பதினஞ்சு பதினஞ்சு. நடுவுல உள்ளது அப்படியே கண்ணாடி."

விக்டோரியம்மா சிரித்தாள். "அப்போ வித்துட்டு ஃப்ரிட்ஜ் வாங்கிர வேண்டியதுதான். அந்த மனுசன் பழைய கறி கேக்குதாரு" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து, காற்றும் மழையும் இல்லாத ஒரு காலையில், அவள் புருஷன் சூசையடிமையின் வள்ளம் வலையோடும் மீனோடும் சோற்றுத் தூக்கோடும் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. அன்று அவள் கழுத்திலிருந்த அறுபத்தொன்றும் மெய்யாகியிருந்தன. உடல் கிடைக்காததால் வெறும் பெட்டியில் அந்த மாலையை வைத்து அடக்கம் செய்தார்கள். அடுத்து மடத்துத் தெருவில் ஒன்று, அதற்கடுத்துப் படகுத்துறையில் ஒன்று. மூன்றாவது பெட்டி இறங்கியபோது ஊருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. முத்து பிடரியிலிருந்து மெய்யாகத் தொடங்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகத் தொண்டைக்குழியை நோக்கி இறங்கும், நடு மணி மெய்யான அன்று ஆள் கடலுக்கு. ஆள் கரையிலேயே இருந்துவிட்டால் முத்தும் நின்ற இடத்தில் நிற்கும், பின்வாங்காது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடலை ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லாத ஊர் அது. என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள். பல்லில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு நிச்சயம் இல்லை, ஆனால் கடலுக்குப் போகும் புருஷன் உள்ளவள் தன் மாலையைத் தன் பல்லில் வைப்பது அவனைத் தானே அனுப்பிவைப்பதற்குச் சமம் என்றும், கடலில் புருஷனைக் கொடுத்தவள் வைத்தால் அவள் துக்கம் முத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றும் ஆனது. மிஞ்சியவள் எமல்டா, கட்டிலில் கிடந்து செத்த புருஷனை உடையவள். ஆக சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பெண்கள் அவள் வாசலில் வரிசையாக நின்றார்கள், ஆண்கள் தெருமுனையில் வலை பின்னுவதுபோல உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அறுபத்தோரு மணியையும் பல்லில் இழுத்துவிட்டு, "பொய்தான், போ" என்பாள். பெண்கள் அந்த வார்த்தையை வாங்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள். ஊரில் நலம் விசாரிப்பதே மாறிப்போனது. "பொய்தானே?" என்று கேட்டார்கள், "ஆண்டவர் புண்ணியத்துல பொய்தான்" என்று பதில் சொன்னார்கள். பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு இது மூடநம்பிக்கை என்று பிரசங்கம் வைத்தார், நான்காம் வாரம் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பை வெள்ளிக்கு மாற்றிக்கொடுத்தார். வெளியூரிலிருந்து காரில் தரகர்கள் வந்தார்கள், பூதக்கண்ணாடியோடு கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் குடை விரித்து உட்கார்ந்தார்கள், அதற்குப் பிறகு சில கல்லறைகளில் மண் புதிதாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. முத்து பாதி மெய்யான வீட்டு ஆண்கள் கரையில் உட்கார்ந்து மீன் கூடை முடைந்தார்கள், குளிக்கக்கூடத் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றப் பயந்தார்கள். அவர்களில் இரண்டு பேர், அம்மாக்காரி சொல் பொறுக்காமலோ பிள்ளைகளின் பசி பொறுக்காமலோ, கடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எமல்டாவுக்குக் கோயிலில் முதல் பெஞ்சு கிடைத்தது. மடியில் ஏலத்துக்குப் போகுமுன்னே எடுத்துவைத்த நல்ல மீனாக விழுந்தது. பாசிக்காரி என்று கூப்பிட்டவர்கள் "எமல்டாக்கா" என்றார்கள். முதுகில் கூடை சுமந்து வந்த பெண்ணுக்குத் திடீரென்று நாற்காலி போட்டால் எப்படி உட்காருவாளோ அப்படித்தான், முதலில் விளிம்பில், பிறகு நன்றாகச் சாய்ந்து, அவள் அந்தப் பெருமையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுச் சலேத்து மட்டும் வாயடக்கவில்லை. "உம் பல்லு என்ன அந்தோணியார் பல்லா? ஆளுக்கு ஒரு பல்லைப் பிடுங்கிக் குடுத்துரேன், வீட்டுல வச்சுப் பாத்துக்கிடட்டும்" என்பாள்.

அது நடந்துவிடும்போல இருந்தது. சர்க்கரை வியாதியும், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆயிரக்கணக்கான மணிகளின் உரசலும் சேர்ந்து எமல்டாவின் மேல்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கின. கண் பார்க்கப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய் நான்கையும் எடுத்தாள், பத்து நாள் உறவுக்காரர் வீட்டில் தங்கி, வாயில் பல்செட்டோடு திரும்பி வந்தாள். வெள்ளையாக, ஒரே சீராக, யாருக்கும் வித்தியாசம் தெரியாத பற்கள்.

அந்தச் சனிக்கிழமை எல்லார் மாலையும் பொய்யாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும். பாதி மெய்யாகி நின்றிருந்த மாலைகள்கூட அவள் பல்லில் வழுக்கிக்கொண்டு போயின. "கடல் மனசு எறங்கிட்டு" என்றது ஊர். கூடை முடைந்தவர்கள் வள்ளத்துக்குச் சாயம் அடித்தார்கள். சாமியார் நன்றிப் பூசை வைத்தார். எமல்டா முதல் பெஞ்சில் இருந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு முன்னதாக, சோறு சாப்பிடும்போது ஒரு கல் பல்லில் பட்டது, பட்டது சத்தமாகத்தான் கேட்டதே தவிர அவளுக்கு அது கல்லா சோறா என்று தெரியவில்லை. தட்டை விலக்கிவைத்துவிட்டு ஒரு சிட்டிகை மணலை எடுத்துவந்து பல்லில் வைத்துத் தேய்த்தாள். வெண்ணெயைத் தேய்த்ததுபோல இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தெருவில் இறங்கி ஒரு வார்த்தை, என் பல்லு பல்லில்லை, பொய்ப்பல்லு, வேறு ஆளைப் பாருங்கள் என்று. அவள் வாசல்வரை போனாள். எதிரே வந்த மூன்று பெண்கள் அவளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். அவள் திரும்பி உள்ளே வந்துவிட்டாள். கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கனம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கண்ணாடியும் குளிரும், முத்தும் குளிரும். பழைய மாலைகளில் மணிக்கு மணி அவளே போட்ட பட்டுநூல் முடிச்சு துளையை இறுக்கமாக மூடியிருந்தது, துளையின் வாயைப் பார்க்க வழியில்லை. ஐந்து வாரம் கடல் சும்மா இருந்தது, தெரிந்த பிறகும் அவள் சும்மா இருந்தாள்.

ஆறாம் சனிக்கிழமை வரிசையின் கடைசியில் பிரிசில்லா வந்தாள். அவள் புருஷன் கஸ்பார் தனியாக ஃபைபர் வள்ளத்தில் நண்டுவலைக்குப் போகிறவன், விடியுமுன் போய்ப் பத்து மணிக்குக் கரை சேர்கிறவன், மாமியாரை "அத்தை, பல்லு சௌக்கியமா?" என்று கேலி செய்கிறவன். எமல்டா மகளின் மாலையை மற்றவர்களுடையதைவிட மெதுவாக இழுத்தாள். வழுக்கியது. கன்னத்தில் வைத்தாள். குளிர்ந்தது.

"என்னம்மா, இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்ல. பொய்தான், போ."

திங்கட்கிழமை பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. பிரிசில்லா கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். "போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காரு. பொய்தானேம்மா? நீதானே பாத்த?" என்று கேட்டாள். எமல்டா மகளின் கழுத்தையே பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் அந்த மணிகள் ஒன்றுக்கொன்று ஒரே அச்சாக இல்லை, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு சாயல் கூடியும் குறைந்தும் இருந்தது.

"நீயே வச்சுப் பாரு."

"எம் பல்லுலயா? நான் எப்படிம்மா வைக்க?"

"வச்சுப் பாரு மக்கா."

பிரிசில்லா மாலையைக் கழற்றி, பிடரிப் பக்கத்து மணியிலிருந்து தொடங்கினாள். நறநறவென்ற சத்தம் எமல்டாவுக்கே கேட்டது. அது நிற்காமல் இரண்டு பக்கமும் இறங்கிக்கொண்டே வந்து, தொண்டைக்குழியில் மூன்று மணி இருக்கும்போது நின்றது. மகள் நிமிர்ந்தாள். எமல்டா வாய்க்குள் விரலைவிட்டுப் பல்செட்டை எடுத்து, மாலைப் பெட்டிக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். மேல்வரிசையில் நடுவில் ஓட்டையாகிப் போன அந்த வாயைப் பிரிசில்லா பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. மாலையை அறுத்து, அந்த மூன்று மணியை மட்டும் பிரித்தெடுத்து, அம்மியில் வைத்துக் குழவியால் ஒரே போடு போட்டாள். உள்ளே இருந்தது கண்ணாடி. உடைந்த கண்ணாடி எந்தக் காலத்திலும் முத்தாகாது.

கஸ்பார் சாகவில்லை. மறுநாள் காலை அவனுடைய நீல வள்ளம் கடலும் வானமும் சேரும் கோட்டில் நின்றது, அவன் அதில் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்தான், கரையில் நின்ற எல்லோருக்கும் அவன் சட்டையின் சிவப்புக்கூடத் தெரிந்தது. நான்கு வள்ளங்கள் போயின. போகப்போக அவன் அதே தூரத்தில் இருந்தான். டீசல் தீர்ந்து திரும்பினார்கள். மறுநாளும் அங்கேயே நின்றான், மறுமாதமும்.

ஊர் எமல்டாவை அடிக்கவில்லை, முதல் பெஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் பிரிசில்லா செய்ததைக் கற்றுக்கொண்டது. பெண்கள் எல்லோரும் தங்கள் மாலையின் நடு மூன்றைக் கழற்றி அம்மியில் வைத்து உடைத்தார்கள். அதற்குப் பிறகு இலந்தைத்துறையில் கடலுக்குப் பலி என்று ஒரு பெட்டிகூட இறங்கவில்லை, தரகர்கள் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்து டவுனுக்குப் போய்க் கடை வைத்தார்கள். யாருக்கு முத்து இறங்கியதோ அவர்களின் வள்ளங்கள் கஸ்பாரின் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போய் நின்றன. ஏழு வருஷத்தில் கஸ்பாருடையதோடு சேர்த்துப் பதினொரு வள்ளங்கள், இடைவெளி விட்டு, கோர்த்ததுபோல. பெண்கள் சாயங்காலம் கரையில் நின்று பிள்ளையின் பரீட்சை மார்க்கையும் வீட்டு ஓடு உடைந்ததையும் கூவிச் சொன்னார்கள். நிவாரணம் கேட்டபோது அதிகாரி ஒருவர் பைனாகுலரோடு வந்து பார்த்துவிட்டு, ஆள் தெரிகிறாரே அம்மா, எப்படி இல்லை என்று எழுதுவது என்றார். ரேஷன் கார்டில் பெயரை நீக்கப் போனவரும் ஆளை நேரில் கொண்டுவரச் சொன்னார். "எதுக்கு ஒப்பாரி?" என்றாள் சலேத்து. "அவளுக்குப் புருசன் கண்ணுக்குத் தெரியுதான், கைக்குத்தான் எட்டல. எனக்குக் கைக்கு எட்டுற தூரத்துலதான் கெடக்கான் குடிச்சுட்டு. யாரு மேலு?"

பிரிசில்லாவின் தலை முன்பக்கம் நரைத்தது. அவள் அம்மாவோடு பேசினாள், அம்மாவுக்குச் சோறு போட்டாள், அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எமல்டா அந்தச் சொல்லுக்காக ஏழு வருஷம் காத்திருந்தாள், அடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவளைப்போல.

தினமும் காலையில் பிரிசில்லா அவன் போனுக்கு அடிப்பாள். மணி போகும், எடுக்கும் சத்தம் கேட்கும், அதற்குமேல் காற்று மட்டும் இரையும். எட்டாம் வருஷம் ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, காற்று இரையவில்லை.

"பிரிசில்லா" என்றான் கஸ்பார்.

"சொல்லுங்க. எப்படி இருக்கிய?"

"வலை இன்னும் முடியல. இழுத்துட்டே இருக்கேன். இழுக்க இழுக்க வருது."

"விட்டுட்டு வாங்களேன்."

"விட முடியல. கை ரெண்டும் பிஞ்சிட்டு. எலும்பு தெரியுது பிரிசில்லா. ஏதாச்சும் பண்ணேன்."

அவ்வளவுதான், மறுபடி காற்று. அவள் அன்றைக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், மாலை ஜெபத்துக்குப் போனாள். புதன்கிழமை டவுனுக்குப் பஸ் ஏறினாள். வியாழன் காலை எட்டு மணிக்கு அம்மா வீட்டுக்கு வந்து, மேஜைமேல் அறுந்த மாலையை வைத்தாள், அதன் பக்கத்தில் தாளில் மடித்த மூன்று முத்துகளை வைத்தாள். தரகரின் கடையில் வாங்கியவை. யாருடைய கல்லறையில் இருந்தவையோ, யார் வெறும் பெட்டியில் வைத்து அழுதவையோ.

எமல்டா அவற்றைத் தொடவில்லை. "என்னளா இது?"

"கோர்த்துக் குடு."

"அவன் உசிரோட நிக்கான்ளா."

"நிக்காரு. எட்டு வருசமா நிக்காரு. கோரும்மா."

"எங்கையாலயா?"

"வேற யாருக்கு இந்த முடிச்சு போடத் தெரியும்?"

எமல்டா பெட்டியைத் திறந்து பட்டுநூலை எடுத்தாள். இரட்டையாக முறுக்கி மெழுகு தடவினாள். ஊசி தேவைப்படவில்லை, நூல் நுனி விறைப்பாக இருந்தது. பிரிசில்லா மூன்று முத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் முன்பல்லில் இழுத்தாள், தலையை அசைத்தாள், அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். முதல் முத்து ஏறியது, முடிச்சு விழுந்தது. இரண்டாவது ஏறியது, முடிச்சு விழுந்தது. எமல்டாவின் விரல்கள் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது, முப்பது வருஷம் செய்த வேலையை அவை தாமாகவே செய்தன.

மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கேட்டுரு மக்கா. ஒரே ஒரு தடவை என்னையத் திட்டி வஞ்சிரு" என்றாள்.

பிரிசில்லா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "வையணும்னுதான் நெனச்சிருந்தேன். அவரு கரைக்கு வரட்டும், வந்தப்புறம் வையலாம்னு வச்சிருந்தேன். இனி யாருக்காக வைய?"

மூன்றாவது முத்து ஏறியது. எமல்டா முடிச்சை இறுக்கி, அறுந்த இரண்டு பக்கத்து நூலோடும் சேர்த்துக் கட்டினாள். மிச்சமாக ஒரு விரற்கடை நூல் நீண்டுகொண்டிருந்தது. கத்தரியைத் தேடினாள், பெட்டியில் இல்லை. பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனாள். கடித்தாள், நூல் நழுவியது. மறுபடி கடித்தாள், மறுபடி நழுவியது.

"இங்க குடு" என்று பிரிசில்லா அம்மாவின் கையோடு சேர்த்து மாலையைப் பிடித்து, குனிந்து, தன் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

பிறகு அதைக் கழுத்தில் போட்டு, பிடரியில் கொக்கியை மாட்டிவிடும்படி அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மணி பத்தாகியிருந்தது. தெருக்கோடியில் வள்ளங்கள் கரை ஏறும் சத்தமும் ஏலக்காரனின் குரலும் கேட்டன, அதற்குமேல் ஒரு பெண், பதினொரு வள்ளத்தில் ஒன்று குறைவதைக் கண்டு, யாருடையது என்று எண்ணத் தொடங்கியது கேட்டது.